எச் வரிசை, இருபத்தேழாம் நம்பர்

இரும்புப் படியில் டொக், டொக் என்று சத்தம் கேட்டதுமே நினைத்தேன், இது இந்த வீட்டு நடை இல்லை என்று. இந்த மாடிக்கு ஏறுகிற நடை மொத்தம் மூன்றுதான் மேடம். வீட்டுக்கார அம்மா மாதம் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார். தண்ணி கேன்காரர் இரண்டு இரண்டு படியாகத் தாவுவார். மூன்றாவது நான். நாலாவதாக ஒரு நடை கேட்டு, இருங்க, எத்தனை வருஷம் இருக்கும்... அதை விடுங்க. உட்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும். சுவரோரமாகப் போட்டுக்கொண்டால் ஆடாது.

கிளப்பிலிருந்து வருகிறேன் என்றீங்க. டிக்கெட் பிரிவு. நல்லது. கையில் இருக்கிற தாளைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. கிழக்கு ஸ்டாண்டு, எச் வரிசை, இருபத்தேழாம் நம்பர். சீசன் டிக்கெட் எண் ஒன்று. ஆமாம், அந்த எத்திராஜ் நான்தான். ஒன்று என்கிற நம்பரைப் பார்த்துவிட்டு யாரோ பெரிய மனுஷன் என்று நினைத்து வந்திருப்பீங்க. ஐஸ் ஃபேக்டரியில் ராத்திரி கம்ப்ரசர் ஓட்டுகிறவன் மேடம். என் பேச்சு கொஞ்சம் புத்தகம் மாதிரி இருக்கும், அதற்குச் சிரிக்காதீங்க. எட்டாவதோடு நின்றவன். மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாரோடும் பேச முடியாது, அதனால் படித்தேன். பழைய பேப்பர் கடையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்படி வந்த தமிழ் இது.

சரி, உங்க விஷயம். சீட்டு ஒன்பது மாட்ச்சாகக் காலியாக இருக்கிறது. சனிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். மேலே இருக்கிற கட்டத்தில் போட்டால் அடுத்த சீசனுக்கும் சீட்டு எனக்கு. கீழே இருக்கிற கட்டத்தில் போட்டால் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். வரிசையில் ஆயிரத்து நானூறு பேர் காத்திருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது போகும். இவ்வளவுதானே? புரிகிறது. ஆயிரத்து நானூறு பேர். எங்கள் ஷெட் கிரவுண்டில் நல்ல மாட்ச்சுக்கே ஆயிரம் பேர் வந்தால் எங்களுக்கு அன்றைக்குத் திருவிழா.

அந்த டமார் சத்தத்துக்குப் பயப்படாதீங்க. கன்டெய்னர் இறக்குகிறார்கள். இந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தெரியும், பெட்டி மேல் பெட்டியாக அடுக்கியிருக்கிறார்களே, அதுதான் ஷெட் கிரவுண்ட். நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. பழைய இஞ்சின் ஷெட்டுக்குப் பின்னால் புல்லே இல்லாத ஒரு மைதானம். ஒரு பக்கம் மட்டும் சிமென்ட் படி. யாருக்கும் சீட்டும் கிடையாது, நம்பரும் கிடையாது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எங்கள் டீம் ராக்கெட்ஸ் எந்த கோலைப் பார்த்து அடிக்கிறதோ அந்த கோலுக்குப் பின்னால்தான் கூட்டம் நிற்கும். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினால், நாங்களும் மொத்தமாக எழுந்து அந்தக் கோடிக்கு நடப்போம். தாள வாத்தியம், வேர்க்கடலை விற்கிறவர், குழந்தை குட்டி, எல்லாம் சேர்ந்து நடக்கும். எதிர் டீம் ஆட்களும் அப்போது இந்தப் பக்கம் வருவார்கள். நடுவழியில் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்துகொண்டே கடப்போம். அந்தப் பத்து நிமிஷ நடைக்காகவே வருகிறவர்கள் இருந்தார்கள். உங்க ஸ்டேடியத்தில் அதெல்லாம் முடியாது. இருபத்தேழு என்றால் இருபத்தேழிலேயே இருக்க வேண்டும். கோல் அந்தக் கோடியில் விழுந்தால் டிவியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தப்பாகச் சொல்லவில்லை. ஸ்டேடியம் என்றால் அப்படித்தான்.

ஏன் வருவதில்லை என்றுதானே கேட்டீங்க. அங்கேதான் வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்க கம்பெனி ராக்கெட்ஸை வாங்கியது. வாங்கியதும் ஒரு அறிவிப்பு. சீசன் டிக்கெட் போடப்போகிறோம், எவ்வளவு பேர் வேண்டும் என்கிறீர்களோ அதைப் பார்த்துத்தான் ஸ்டேடியம் எங்கே என்று முடிவு பண்ணுவோம் என்று. ஷெட் கிரவுண்டையே எடுத்துக் கட்டினாலும் கட்டலாம், வேறு இடம் போனாலும் போகலாம். டில்லிபாபு ஓடி வந்தான். டில்லிபாபு என்றால் என் சிநேகிதன், மீன்பிடித் துறைமுகத்தில் வலைக்கூடத்தில் வேலை, இந்தக் கிளப்புக்கு முதலில் ஜெர்சி தைத்துக் கொடுத்ததே அவன்தான். இரண்டாயிரம் ஃபாரம் சேர்த்துக் கொடுத்தால் கிரவுண்டு நம்ம கையை விட்டுப் போகாது என்றான். எழுதுகிறது யார்? இந்தத் தெருவில் பாங்க் சலானிலிருந்து விதவை பென்ஷன் வரை எழுதிக் கொடுப்பது நான்தானே. நானே உட்கார்ந்தேன். பகல் தூக்கத்தை விட்டு இருபத்தைந்து நாள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாலு ஃபாரம். அதில் முதல் ஃபாரம் என்னுடையது, அதனால்தான் அந்த ஒன்று.

ஒரு எழுத்து பிசகாது மேடம், என் கையெழுத்தில். அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்களுக்குப் புரியாது. நாங்கள் எல்லாரும் இந்தக் கால்வாய்க் கரையில் இருந்தவர்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டையெல்லாம் இடித்துவிட்டு, முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, தெற்கே செம்மேட்டில் அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். ஆதார், ரேஷன், ஓட்டு எல்லாம் அங்கே மாறிவிட்டது. ஆனால் துறைமுகம் அங்கே போகவில்லையே. ஐஸ் ஃபேக்டரி போகவில்லையே. அதனால் பாதிப் பேர் திரும்பி வந்து இங்கேயே ஒண்டிக்கொண்டார்கள். ஒரு ரூமுக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். ஆள் இங்கே, கார்டு அங்கே. அப்படித்தான் எங்கள் வாழ்க்கை.

ஃபாரத்தில் ‘வசிக்கும் இடம்’ என்று ஒரு வரி இருந்தது. ஜனங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லுவார்கள். ஷெட் பின்னாடி, ஐஸ் ஃபேக்டரி சந்து, மாரியம்மன் கோயில் எதிர்மாடி என்பார்கள். நான் விடுவேனா? கார்டை எடு என்பேன். கார்டில் ஒன்று, ஃபாரத்தில் ஒன்று இருந்தால் எந்த ஆபீசும் கிழித்துப்போடும், முப்பது வருஷமாக எழுதுகிறவன் சொல்கிறேன் என்பேன். கார்டில் இருந்தபடியே எழுதினேன். பிளாக் நம்பர், கதவு எண், செம்மேடு, பின்கோடு. டில்லிபாபுவே அவனுடைய ஃபாரத்தை ‘ஷெட் பின்பக்கம்’ என்று எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதை நான்தான் அடித்துவிட்டுத் திருத்தினேன்.

அப்புறம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கம்பெனி மேனேஜர் ஒரு பெரிய மேப்பைத் திரையில் காட்டினார். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. இந்தப் பக்கத்தில் புள்ளி தேடித்தான் பார்க்க வேண்டும். தெற்கே ஒரு மூலையில் எறும்புப் புற்று உடைந்த மாதிரி சிவப்பு. எங்கள் ரசிகர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது என்றார். ஸ்டேடியம் செம்மேட்டுக்குப் போய்விட்டது.

கம்ப்யூட்டரை வைத்து என்னமோ பண்ணிவிட்டார்கள் மேடம். முன்னமே அங்கே இடம் பார்த்து வைத்திருப்பார்கள், நம்முடைய ஃபாரம் ஒரு சாக்கு. நான் டில்லிபாபுவிடம் அப்படித்தான் சொன்னேன். அவன் வெளியே வந்து, டீக்கடை வரைக்கும் நடந்து, டீயை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சொன்னான்.

“கம்பெனி ஒண்ணும் பண்ல நைனா. நீ எழுதுன அட்ரஸ்தான் அங்க போய் நிக்குது.”

அவனுக்கு என் மேல் எப்போதுமே ஒரு பொறாமை உண்டு. நம்பர் ஒன்று எனக்கு வந்துவிட்டது இல்லையா. அதற்கப்புறம் அவன் இந்தப் படி ஏறவில்லை. நானும் கூப்பிடவில்லை. சரியாக எழுதினது தப்பா மேடம்? நீங்களும் ஆபீசில் இருக்கிறவர், சொல்லுங்க. கார்டில் இருப்பதைத்தானே எழுத முடியும்?

நீங்க பதில் சொல்ல வேண்டாம்.

செம்மேட்டில்தான் என் வீட்டில் இருக்கிறார்கள். சம்சாரம் கஸ்தூரி, மகள் மோனிஷா. சண்டை எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வீடு கொடுத்த புதிதில் நானும் அங்கேதான் இருந்தேன். சாயங்காலம் கிளம்பி இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவேன், விடிந்ததும் திரும்பிப் போவேன். போய்ப் பகலில் தூங்க வேண்டும். ஒரே ரூம், ஒரு சமையல் மூலை. நான் படுத்தால் அந்த இரண்டு பேரும் பேச மாட்டார்கள். கஸ்தூரி குக்கரே வைக்க மாட்டாள், விசில் வருமே என்று. அந்தப் பொண்ணு பரீட்சைப் பாடத்தை உதட்டை மட்டும் அசைத்துப் படிக்கும். ஒருநாள் பாதி தூக்கத்தில் கண்ணைத் திறந்து பார்க்கிறேன், இரண்டு பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போகிறார்கள். சொந்த வீட்டில். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை மேடம். மறு மாதமே இந்த ரூமைப் பிடித்துவிட்டேன். அவர்களாவது சத்தமாக இருக்கட்டும் என்றுதான். யார் சொல்லியும் இல்லை, நானாகத்தான்.

முதலில் வாரா வாரம் போவேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாட்ச் இருக்கும். ராக்கெட்ஸ் ஆடும்போது எப்படிப் போவது? மாட்ச் இல்லாத ஞாயிறு தூக்கம் வரும். அப்புறம் தீபாவளிக்கு என்று ஆனது. பணம் தவறாமல் போகும், போன் பேசுவேன். கஸ்தூரி ஒன்றும் கேட்டதில்லை. என்ன விஷயம் என்றால் கிரவுண்டு இருக்கிறதே, அவருக்கு அதை விட்டு வர முடியாது என்று அவளே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வாள். எனக்கும் அது வசதியாக, அதாவது, உண்மையும் அதுதானே.

ஸ்டேடியம் செம்மேட்டுக்கு என்று பேப்பரில் வந்த அன்றைக்குப் போன் பண்ணினாள். எப்போதும் சாப்பிட்டாயா என்றுதான் ஆரம்பிப்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை.

“இன்னாயா, உன் கிரவுண்டே இங்க வருதாமே. இனிமே இன்னா சொல்லுவ?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டதுதான் எனக்கு... நான் கிரவுண்டு போன துக்கத்தில் இருக்கிறேன், ஒரு மனுஷிக்கு அது புரிய வேண்டாமா? கம்ப்ரசரில் பிரஷர் ஏறுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்போது பகல் பதினோரு மணி. நான் இங்கே இந்தக் கட்டிலில் இருந்தேன். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு நிமிஷம் மேடம். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, அந்தப் புஸ் சத்தம் அதுதான். காலையிலிருந்து துணி ஊறிக்கொண்டிருக்கிறது. வேலைச் சட்டை. அமோனியா வாடை, சும்மா அலசினால் போகாது. வாளி நிறையட்டும். நீங்க சொல்லுங்க.

என்ன, கேட்டில் பதிவு இருக்கிறதா?

முதல் மாட்ச்சுக்கு என் டிக்கெட் நாலாம் நம்பர் கேட்டில் உள்ளே போயிருக்கிறது. மூன்று பத்துக்கு. அதெல்லாம் மெஷினில் இருக்குமா? எனக்குத் தெரியாதே.

ஆமாம், வந்தேன். வரவில்லை என்று நான் சொல்லவில்லையே. காலை பதினோரு மணிக்கே கிளம்பினேன். ஷேவ் பண்ணிக்கொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு. இரண்டு பஸ் மாறி, கடைசி ஸ்டாப்பில் இறங்கினால் ஸ்டேடியம் இந்தக் கையில், எங்கள் பிளாக் அந்தக் கையில். நடந்தால் இருபது நிமிஷம்கூட இல்லை. மாடியில் காயப்போட்ட துணி நிறமே தெரிகிறது. நேராக ஸ்டேடியத்துக்குள் போனேன். எச் வரிசை எங்கே என்று கேட்டு ஏறினேன். படி செங்குத்து. என் முட்டி வேறு அப்படி. ஏறி நின்று பார்த்தால் என் சீட்டில் ஒரு தண்ணி பாட்டில். பக்கத்து சீட்டில் ராக்கெட்ஸ் ஜெர்சி போட்டுக்கொண்டு யாரோ ஒரு பொண்ணு. முதுகுதான் தெரிந்தது. சரி, யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், சீட்டுக்காகச் சண்டை எதற்கு என்று படியிலேயே நின்றேன். பாதி ஆட்டம் நின்றுகொண்டே பார்த்தேன். அப்புறம் முட்டி வலித்தது. வந்துவிட்டேன்.

வேறு ஒன்றும் இல்லை. கொஞ்சம் இளைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், அது அவளுக்கு நன்றாகவே...

பொறுங்க மேடம், நீங்க பேரைச் சொல்ல வேண்டாம். தெரியும்.

கவுண்டரில் வந்து கேட்டாளா? எத்திராஜ், நம்பர் ஒன்று, அவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டு எது என்று? அதற்கு முன்னால் இரண்டு தடவை இல்லை என்று திருப்பி அனுப்பினார்களா? மூன்றாவது தடவை இருபத்தெட்டைக் கொடுத்தீங்க. பத்து மாட்ச்சுக்கும் வந்திருக்கிறாள். மழை பெய்து பாதிப் பேர் எழுந்து போன மாட்ச்சுக்குமா? அதுவும் பதிவில் இருக்கிறதா?

யாராவது காலி சீட்டில் உட்கார வந்தால் பாட்டிலை எடுக்க மாட்டாளாம். நீங்களே ஒருநாள் போய்க் கேட்டீங்களா? என்ன சொன்னாள்?

“ஆள் வருது.”

அவ்வளவுதான் சொன்னாளா?

நான் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வருகிறேன். வாளி வழிகிறது.

ஒன்றுமில்லை. சிறிசாக இருக்கும்போது அவள் என் தோளில் உட்கார்ந்துதான் ஷெட் கிரவுண்டில் அந்தக் கோடிக்கு வருவாள். பயங்கரமாகக் கத்துவாள். என் காது இரண்டும் அடைத்துப்போகும். அந்தப் பொண்ணு எப்படி உதட்டை மட்டும் அசைத்துப் படிக்கிற பொண்ணாக ஆனாள் என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். இப்போது மாட்ச்சில் கத்துகிறாளா? கவனித்தீங்களா? நீங்க அதைக் கவனித்திருக்க மாட்டீங்க. முப்பதாயிரம் பேரில் எப்படித் தெரியும்.

ஒன்பது மாட்ச். ஒவ்வொரு மாட்ச்சுக்கும் நாலைந்து பேராவது வந்து கேட்டிருப்பார்கள். அத்தனை பேரிடமும் ஆள் வருது, ஆள் வருது என்று சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் ஆட்டம் முடிகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவள் முகத்தை எங்கே வைத்துக்கொண்டிருப்பாள்? என்னால் அந்தப் பொண்ணு ஊர் முழுக்கப் பொய் சொல்லியிருக்கிறாள் மேடம்.

அந்தத் தாளைக் கொடுங்க. பேனா வேண்டாம், என்னிடம் இருக்கிறது. என்னிடம் எப்போதும் இருக்கும்.

கீழ்க் கட்டம்தான். தெரிந்துதான் போடுகிறேன். ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? காலி சீட்டைக் காவல் காக்கிற வேலை அவளுக்கு எதற்கு? வயசுப் பொண்ணு. மாட்ச்சை மாட்ச்சாகப் பார்க்கட்டும். இதுகூடச் செய்யவில்லை என்றால் நான் என்ன தகப்பன்?

காரணம் என்று ஒரு கோடு இருக்கிறதே. ‘இரவு வேலை.’ எழுதிவிட்டேன்.

ஞாயிறு மாட்ச் சாயங்காலம் நாலு மணிக்கு. அது எனக்குத் தெரியாதா மேடம். எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.

சனிக்கிழமை வரைக்கும் நீங்க கையில் வைத்திருக்க வேண்டாம். உங்க பெரிய மனசு. இன்றைக்கே கொடுத்துவிடுங்க. ஒரே ஒரு உதவி. அந்த ஆயிரத்து நானூறு பேரில் யாருக்குக் கொடுப்பது என்பது உங்க கையில் இருந்தால், நல்லாக் கத்துகிற ஆளாகப் பார்த்துக் கொடுங்க. குடும்பமாக வருகிற ஒரு பொம்பளை ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் கத்துகிற ஆள் இருந்தால்தான் நமக்கும் வாய் வரும். அவளிடம் என்ன சொல்வது என்றா கேட்கிறீங்க? கேட்க மாட்டாள். அவள் அம்மா மாதிரி. கேட்டால், சீட்டு வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று சொல்லுங்க. நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டாம். அது அவளுக்குத் தெரியும்.

பார்த்துப் போங்க. வெயிலில் இவ்வளவு தூரம் வந்தீங்க, ஒரு டீகூடக் கொடுக்கவில்லை.

தண்ணீர் இன்னும் அரை மணி நேரம்தான் வரும். மூன்று சட்டை, ஒரு கால்சட்டை. அலசிப் போட்டால் ஷிப்டுக்கு முன்னால் காய்ந்துவிடும். இந்தக் காலர்தான் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருக்கிறது.